நீரூற்றுச் சிலையின் புதிய தலை

சாட்சி சொல்லச் சொல்ல எழுதப்பட்டது. என்னைப் பாசியக்கா என்று அழைப்பார்கள். வயது முப்பத்து நான்கு. நீரேற்று நிலையத்துக்குப் பின்னால் உள்ள பணியாளர் குடியிருப்பில் கணவருடன் வசிக்கிறேன். நகரப் பூங்காவின் நீரூற்றைச் சுத்தம் செய்வது என் வேலை. இவ்வழக்கில் இறந்துபோனவள் என் உடன்பிறந்த அக்கா. எதிரி அவளுடைய கணவர், கல்தச்சர். அவரை மாமா என்று கூப்பிடுவேன்.

அந்த நீரூற்று, நகரத்துக்கு முதன்முதலில் குழாய்த் தண்ணீர் வந்தபோது அதன் நினைவாகக் கட்டப்பட்டது. நடுவில் குடம் சாய்த்து நிற்கும் பெண்ணின் கற்சிலை உண்டு. தொட்டியை வடித்துப் பாசி தேய்ப்பதும், குழாய் வாயில் படியும் சுண்ணாம்பைக் குத்தி எடுப்பதும், மோட்டார் சல்லடையை அடைக்கும் இலைகளை அள்ளுவதும் என் பொறுப்பு. சென்ற ஆண்டுப் புயலில் மரக்கிளை விழுந்து சிலையின் தலை சிதறிப்போனது. புதுத் தலை செதுக்கும் வேலையை மாநகராட்சி மாமாவிடம் கொடுத்தது.

அவர் கல்லில் கை வைப்பதற்கு முன்பு ஒரு நாள் காலையில் அக்கா என் வீட்டுக்கு வந்தாள். அவள் கழுத்தில் விரல் தடம் இருந்தது. நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. வெளியூர் ஆலையில் வேலை கிடைத்திருப்பதாகவும், இனி அந்த வீட்டில் இருக்கப்போவதில்லை என்றும் சொன்னாள். அதன் பிறகு தன் சடையை வெட்டிவிடச் சொன்னாள். "அந்த ஆள் கைக்கு அகப்படாத அளவுக்கு வெட்டுடி" என்றாள். என்னிடம் துணி வெட்டும் கத்தரிதான் இருந்தது. இடது பக்கம் ஏறிவிட்டது. கண்ணாடியைப் பார்த்துவிட்டு, "எலி கடிச்ச மாதிரி இருக்கு, போ" என்று சிரித்தாள். அதன் பிறகு, மாமா பட்டறையிலிருந்து வருவதற்குள் துணிமணியை எடுத்துக்கொண்டு வருவதாகச் சொல்லிப் போனவள் திரும்பவில்லை.

சாயங்காலம் நான் போய்க் கேட்டபோது, காலையில் அவள் சடை பின்னிக்கொண்டிருந்ததைப் பார்த்ததுதான் கடைசி என்றும், அதன் பிறகு கண்ணால் காணவில்லை என்றும் மாமா சொன்னார். வீட்டில் அவள் துணிகளும் இல்லை. சொல்லாமல் நேரே கிளம்பிவிட்டாள் என்று நினைத்தேன். அடையாளம் வைத்துத் தேடிப் பிடித்துவிடுவார் என்ற பயத்தில், முடி வெட்டியதை அவரிடமோ வேறு யாரிடமோ நான் சொல்லவில்லை.

அதன் பிறகு புதுத் தலையைப் பொருத்தி நீரூற்றைத் திறந்தார்கள். தண்ணீர் மறைப்பதால் கீழே நிற்பவருக்கு முகம் சரியாகத் தெரியாது. ஆனாலும் நான் தொட்டிக்கு முதுகு காட்டினால் யாரோ கூப்பிடுவதுபோல் இருக்கும். கணவரிடம் சொன்னதற்கு, "நாள் பூரா தண்ணிச் சத்தத்துல நின்னா காதுக்குள்ள ஊரே பேசும்" என்றார்.

சென்ற வாரம் மோட்டார் பழுதானதால் தொட்டியை வடித்தோம். அதன் பிறகு ஏணி வைத்து ஏறிச் சிலையின் தலையைத் தேய்த்தேன். காதோரப் பாசி போனதும் முடி தெரிந்தது. கழுத்தளவே இருந்தது. இடது பக்கம் ஏறியிருந்தது. கண்கள் மூடியிருந்தன. லேசாகத் திறந்த வாயில் தண்ணீர் தேங்கியிருந்தது. முந்தானையால் துடைத்தேன். மறுபடியும் கசிந்தது. மறுபடியும் துடைத்தேன்.

கழுத்து இணைப்பைப் பார்க்க வந்திருந்த மாமா கீழே நின்றுகொண்டிருந்தார். "சடையோட பாத்ததுதான் கடைசின்னு சொன்னீங்களே, மாமா" என்று கேட்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. "வேற மூஞ்சிதான் செதுக்க உக்காந்தேன். கை கேக்கல" என்றார். அதன் பிறகு தொட்டி விளிம்பில் உட்கார்ந்தவர், நான் சொல்லி மோட்டார் மெக்கானிக் போன் செய்து காவலர்கள் வரும்வரை எழுந்திருக்கவில்லை.

அதன் பிறகு, பட்டறைக்குப் பின்னால் கல் சில்லு கொட்டும் பள்ளத்தில் அவர் காட்டிய இடத்தைத் தோண்டினார்கள். எடுத்த அக்காவை நான் அடையாளம் காட்டினேன்.

மேலே கண்டதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் உண்மை. ஓரிடத்தில் ‘பிரேதம்’ என்று இருந்ததை ‘அக்கா’ என்று மாற்றும்படி கேட்டேன். மாற்றிவிட்டு, அந்த இடத்திலும் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போட்டேன்.

(ஒப்பம்)