பித்தளைக் குடம் இருந்த இடம்

எங்கள் கழகத்தின் நிகழ்ச்சிகள் சொன்ன நேரத்துக்குத் தொடங்கிவிடும். ஈப்போ வட்டாரத்தில் தமிழர்கள் நடத்தும் நிகழ்ச்சிகளில் இப்படிப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளக் கூடியது எங்களுடையது ஒன்றுதான். அழைப்பிதழில் பத்து மணி என்று போட்டிருந்தால் பத்து மணிக்குக் குத்துவிளக்கு எரிந்துகொண்டிருக்கும். இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், நான் எதையும் அவசரத்தில் செய்கிறவள் இல்லை, தம்பி. பாவம், அந்த அம்மா ஏதோ பதற்றத்தில் செய்துவிட்டார் என்று யாராவது உங்களிடம் வந்து சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

நேற்று நான் வந்து சொன்னதை நீங்கள் எழுதிக்கொள்ளவில்லை. "ஆண்ட்டி, நீங்க ஷாக்ல இருக்கீங்க. அது விபத்துலா. வீட்டுக்குப் போயி கொஞ்சம் படுங்க" என்றீர்கள். குனோங் ராபாட்டில் என் வீட்டு வாசல் வரைக்கும் காரில் கொண்டுவந்து விட்டீர்கள். நல்ல வளர்ப்பு, உங்கள் அம்மாவிடம் சொல்லுங்கள். ஆனால் விபத்து என்று நீங்கள் கையெழுத்துப் போட்டுவிட்டால், வருகிற வெள்ளிக்கிழமை அந்த வீட்டை இடித்துவிடுவார்கள், இன்ஸ்பெக்டர் யுகேந்திரன். ஆகவே இன்று மறுபடி வந்திருக்கிறேன். இந்தப் பெண் அமீரா தட்டச்சு செய்யட்டும். நான் மெதுவாகவே சொல்கிறேன்.

என் பெயர் லலிதாம்பிகை. முல்லை மாதர் மரபுக் கழகத்தின் தலைவி. கழகம் தொடங்கிய நாளிலிருந்து நான்தான் தலைவி. ஒவ்வோர் ஆண்டும் தேர்தல் வைப்போம். வேறு யாரும் நிற்க மாட்டார்கள், அவ்வளவுதான்.

வீடு சுங்கை சிப்புட்டுக்கு வெளியே, பழைய ஹாவர்டன் தோட்டத்தில் இருக்கிறது. ரப்பர் மரங்களையெல்லாம் வெட்டிச் செம்பனை போட்டுவிட்டார்கள். தொழிலாளர் குடியிருந்த லயங்களும் போய்விட்டன. மிஞ்சியது பெரிய கிராணியின் வீடு மட்டும். பெரிய கிராணி என்றால் தோட்ட அலுவலகத்தின் தலைமைக் குமாஸ்தா. துரைக்கு அடுத்தபடி அவர்தான். என் தாத்தா அங்கே பெரிய கிராணியாக இருந்தார். கீழே சிமெண்டுத் தரை, மேலே செங்கால் மரப் பலகை, வடக்குப் பக்கம் ஆள் உயர ஜன்னல். நிலத்தை வாங்கிய கம்பெனி, பேருக்கு ஒரு வாடகை பேசி வீட்டை எங்களிடம் ஒப்படைத்தது. நாங்கள் அதைத் துடைத்து, மெருகு போட்டு, மாதம் ஒரு சொற்பொழிவு நடத்திவந்தோம். 'கிராணிமார் இல்லத்து விருந்தோம்பல்', 'கஞ்சி போட்ட வேட்டியின் கம்பீரம்', இப்படி. கூட்டம் சுமாராக வரும். பாதிப் பேர் செயலவை உறுப்பினர்கள், மீதிப் பேர் கீழே நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தை எப்போது பிரிப்பார்கள் என்று காத்திருக்கும் அவர்களுடைய கணவன்மார். ஆனாலும் எண்ணிக்கையா முக்கியம்?

விதிகளை நான் எழுதினேன். மாடிக்குச் செருப்பு கூடாது, தின்பண்டம் கூடாது. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. வீட்டின் மூல மரத்தை மாற்றக் கூடாது. மரபுப் பொருள்களைத் தலைவி மட்டும், அதுவும் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டுதான் தொட வேண்டும். கையுறையைப் பார்த்து ஆரம்பத்தில் சிரித்தார்கள். பிறகு பழகிப்போய், என் அனுமதி இல்லாமல் ஒரு கரண்டியைக்கூட யாரும் நகர்த்துவதில்லை. அவ்வளவு ஒழுங்கு.

வடக்கு ஜன்னலுக்கு எதிரே சில பலகைகளைக் கறையான் தின்றுவிட்டது. அவற்றைத் தாங்கிய கட்டையையும் தின்றுவிட்டது. குடையின் முனையால் குத்தினால் கேக்கில் குத்தியது போல உள்ளே இறங்கும். மாற்றிவிடலாம்தான். ஆனால் என் தாத்தா நடந்த பலகை அது. ஆகவே அதன் மேல் பாட்டியின் பித்தளைக் குடத்தை, கனம் இல்லாமல் காலியாக, நாலு மயிலிறகு செருகி வைத்தேன். குடம் இருக்கும் இடத்தில் மிதிக்காதீர்கள் என்று எல்லோருக்கும் சொல்லிவைத்தேன். தச்சனைவிட மலிவு, பார்க்கவும் அழகு. பல ஆண்டுகளாக ஒருவரும் அங்கே மிதிக்கவில்லை. எந்தப் பலகை கெட்டது என்று அவர்கள் குனிந்து பார்த்ததும் இல்லை. குடத்தைப் பார்ப்பார்கள், விலகிப்போவார்கள்.

இப்போது ஷாமினியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

சிலிபினில் டியூஷன் நிலையம் நடத்திவந்த பெண். அவளுடைய தாத்தாவும் பாட்டியும் இதே தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டியவர்கள், லயத்தில் குடியிருந்தவர்கள். அதை அவளே எல்லோரிடமும் சொல்வாள், ஏதோ பட்டம் வாங்கியதைப் போல. நான்தான் அவளைக் கழகத்தில் சேர்த்தேன். எனக்கு அந்த மாதிரி வேறுபாடெல்லாம் கிடையாது. வந்த மறுவருடமே துணைத் தலைவி ஆகிவிட்டாள். எல்லோருக்கும் அவளைப் பிடித்தது. எனக்கும் பிடித்தது. நல்ல சிரிப்பு அவளுக்கு.

மார்ச் மாதச் செயலவைக் கூட்டத்தில் அந்தப் பலகையைப் பற்றி ஆரம்பித்தாள்.

"அக்கா, அந்தப் பலகை செத்துப்போச்சுலா. குடத்த வச்சு மூடுனா உயிர் வந்துருமா?"

"அது மூலப் பலகை, ஷாமினி" என்றேன்.

"மூலமோ பௌத்திரமோ, நாளைக்கி ஒரு ஆளு விழுந்தா யாருக்கா ஜவாப்?"

எல்லோரும் சிரித்தார்கள். பொருளாளர் சரளா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். நானும் சிரித்தேன். தலைமைப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு நகைச்சுவை உணர்வு வேண்டும்.

அதோடு நின்றிருந்தால் நாம் இன்று இங்கே உட்கார்ந்திருக்க மாட்டோம். அடுத்த கூட்டத்தில் ஒரு திட்டத்தோடு வந்தாள். மாடிக்குப் புதுப் பலகை. கீழே பிள்ளைகளுக்கு டியூஷன். பின்வாசலில் சக்கர நாற்காலி ஏறும்படி ஒரு சாய்வுப் பாதை. தோட்டத்தைவிட்டுப் போய் மலிவு அடுக்குமாடிகளில் அடைந்து கிடக்கும் பழைய ஆட்கள் வாரம் ஒரு நாள் வந்து சமைத்துச் சாப்பிட்டுப் பேசிக்கொண்டிருக்க வேண்டுமாம். என் தாத்தாவின் சமையலறையில்.

"இது காட்சி இல்லம்" என்றேன்.

"பாப்பா அக்கா, வீடுன்னா மனுசங்க இருக்கணும்லா. நம்ம மாசம் ஒருவாட்டி வந்து தூசி தட்டிட்டு, போட்டோ புடிச்சிட்டுப் போறோம். அந்தக் காலத்துல எங்க பாட்டி இந்தப் பின்வாசலத் தாண்டுனதே இல்ல. இப்ப நாலு கெழவிங்க உள்ள வந்து ஒக்காந்தா வீடு என்ன தேஞ்சா போயிரும்?"

பாப்பா என்பது என் வீட்டுப் பெயர். என் தங்கையிடம் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறாள். அறுபத்து மூன்று வயதுத் தலைவியைச் செயலவையில் பாப்பா என்று கூப்பிடலாமா, கூப்பிடக் கூடாதா என்பதற்கு எங்கள் விதிகளில் இடம் இல்லை. அது என் தவறு.

வாக்கெடுப்பு நடந்தது. செயலாளர் தினேஸ்வரி கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே கையைத் தூக்கினாள். சரளா என் முகத்தைப் பார்க்காமல் தூக்கினாள். தூக்காமல் இருந்தது நான் மட்டும்.

எனக்குக் கோபம் வரவில்லை. இதை அழுத்தமாகவே எழுதிக்கொள்ளம்மா, அமீரா. அன்று மாலை வீட்டுக்குப் போய் வழக்கம்போல் ரசம் வைத்தேன். சாப்பிட்டுவிட்டு யோசித்தேன். தச்சர்கள் வருவதற்குள் இன்னும் ஒரு சொற்பொழிவு மிச்சம் இருந்தது. ஷாமினியைக் கூப்பிட்டு, "நீயே பேசும்மா. ஒன் திட்டத்த ஊர் சனத்துக்கு எடுத்துச் சொல்லு" என்றேன். அவள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். என்னைத் தப்பாக நினைத்துவிட்டதாகச் சொன்னாள். என் பெருந்தன்மையைப் பற்றி வாட்ஸ்அப் குழுவில் ஒரு நாள் முழுக்கப் பேசினார்கள்.

பிறகு ஏற்பாடுகள். கீழே கூடத்தின் மூலையில் ரப்பர் ஷீட் பிழியும் பழைய இரும்பு மெஷின் ஒன்று காட்சிக்கு இருந்தது. பல்சக்கரம், கைப்பிடி எல்லாம் அப்படியே இருந்தன. சுங்கை சிப்புட்டில் லாரி வைத்திருக்கும் ராஜுவைக் கூப்பிட்டு அதை நடுவில் வைக்கச் சொன்னேன்.

"என்னாக்கா இது, நட்ட நடுவுல? சனங்க இடிச்சிக்குவாங்கலா."

"வெளிச்சம் இங்கதான் நல்லா விழுது, ராஜு."

"இடிச்சா எலும்பு தங்காது, ஆமா. அப்பறம் என்னயச் சொல்லாதீங்க."

அவரைச் சொல்லவே மாட்டேன். அவர் நல்ல மனிதர், கேட்ட இடத்தில் வைத்தார். மெஷினைச் சுற்றி நானே சிவப்புக் கயிறு கட்டி, 'தொடாதீர்கள்' என்று பலகை மாட்டினேன். வருகிறவர்களின் பாதுகாப்பு எப்போதும் என் மனதில் இருக்கும்.

மாடியில் இரண்டே வேலைதான். ஜன்னல் பக்கம் தரையில் ஒரு பெரிய மெங்குவாங் பாயை விரித்தேன். கையுறை போட்டுக்கொண்டு குடத்தை எடுத்து, இரண்டு எட்டு தள்ளி, நல்ல பலகையின் மேல் வைத்தேன். அவ்வளவுதான் நான் செய்தது. ஒரு குடத்தை இடம் மாற்றினேன். தலைவிக்கு அந்த உரிமை உண்டு.

பத்து மணிக்கு மாடியில் விளக்கேற்றினோம். தமிழ் வாழ்த்து பாடினோம். தலைமையுரையை நான் சுருக்கமாக முடித்துக்கொண்டேன். அன்றைக்குக் கூட்டம் நல்ல கூட்டம். பழைய தோட்டத்து ஆட்கள் ஒரு வேனில் வந்திருந்தார்கள், முன்வாசல் வழியாகவே. ஷாமினியின் பெண்பிள்ளைகள் இரண்டும் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தன.

ஷாமினி நன்றாகப் பேசினாள். ஆனால் சுவரோரமாக நின்று பேசினாள். பத்து நிமிடம் ஆகியும் நகரவில்லை. நான் கையைத் தூக்கி, "கொஞ்சம் ஜன்னல் பக்கம் வந்து நில்லும்மா, போட்டோல மொகம் இருட்டா விழுது" என்றேன்.

"இங்கயா அக்கா? குடத்தத் தட்டிவிட்டுறப் போறேன்."

"குடத்துக்கு ஒண்ணும் ஆவாது, நில்லு."

குடத்தைப் பார்த்துக்கொண்டே ஜாக்கிரதையாகத் தள்ளி நின்றாள். எங்கள் உறுப்பினர்கள் எல்லோரும் அப்படித்தான் நிற்பார்கள். பிறகு குடத்தைக் கையால் காட்டி, "அந்தக் கொடத்துக்குக் கீழதான் பலகை உளுத்துப்போய் கெடக்கு. அதத்தான் மொதல்ல மாத்தப் போறோம். நல்ல பலகை எப்படி இருக்கணும் தெரியுமா? இப்படி இருக்கணும்" என்று காலைத் தூக்கி, தான் நின்ற இடத்தை ஓங்கி மிதித்தாள்.

நான் எதிர்பார்த்ததைவிடச் சத்தம் குறைவு. பாயோடு உள்ளே போனாள். கீழே மெஷின் இருந்தது. அதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை, படங்கள் உங்களிடம் இருக்கின்றன.

எல்லோரும் கீழே ஓடினார்கள். சரளா மயங்கி விழுந்தாள். தினேஸ்வரி ஆம்புலன்ஸுக்குப் போன் அடித்தாள். பேச்சாளருக்குப் போர்த்துவதற்காக வாங்கிவைத்திருந்த பொன்னாடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய் நானே போர்த்தினேன். அவளுக்காக வாங்கியதுதானே. ஆம்புலன்ஸ் வந்து போனபின் வாசலில் நின்றவர்களுக்கு இரண்டு வார்த்தை நன்றியுரை சொன்னேன். நன்றியுரை இல்லாமல் எங்கள் நிகழ்ச்சி எதுவும் முடிந்ததில்லை.

இதுவரைக்கும் எல்லாம் ஒழுங்காக நடந்தது. இறுதிச் சடங்குக்குப் போனேன். பெரிய மாலை போட்டேன். புதுப் பலகைத் திட்டத்தைப் பற்றி இனி யாரும் பேச மாட்டார்கள் என்று நினைத்தேன். அந்த விஷயத்தில் என் கணக்கு சரிதான், யாரும் பேசவில்லை. வேறொன்றைப் பேசினார்கள். ஆளைக் கொன்ற வீடு, வேண்டாம் என்றார்கள். கம்பெனி பயந்துபோய் வீட்டைத் திருப்பிக் கேட்டது. ஆய்வுக்கு வந்த அதிகாரிகள், குடியிருக்கத் தகுதியற்றது, உடனே இடிக்க வேண்டும் என்று வாசலில் சிவப்பில் ஒட்டிவிட்டுப் போனார்கள். செயலவை கூடியது. வீட்டைத் திருப்பிக் கொடுக்க மறுபடியும் கைகள் உயர்ந்தன. "அந்த வீட்டப் பாத்தாலே கொலநடுங்குது அக்கா, போய்த் தொலையட்டும்" என்று தினேஸ்வரி அழுதாள். என் தாத்தாவின் வீட்டைத் தொலையட்டும் என்கிறாள்.

இப்போது புரிகிறதா, தம்பி? அந்த வீட்டின் மேல் அநியாயமாகப் பழி விழுந்திருக்கிறது. அந்தப் பலகைகள் கெட்டவை என்று எனக்குத் தெரியும். யாரும் மிதிக்காமல் அத்தனை ஆண்டுகள் காப்பாற்றிவைத்திருந்தேன். அவள் மிதிக்க வேண்டும் என்றுதான் குடத்தை மாற்றினேன். விழுந்தால் பிழைக்கக் கூடாது என்றுதான் மெஷினை நகர்த்தினேன். அவளை அந்த இடத்துக்கு என் வாயால் கூப்பிட்டேன். வீடு ஒன்றும் செய்யவில்லை. நான்தான் கொன்றேன். அமீரா, இந்தப் பத்தியை மட்டும் ஒரு பிரதி எடுத்து, வெள்ளிக்கிழமைக்குள் அந்த அதிகாரிகளுக்கு அனுப்பிவிடு.

என்ன தம்பி, எழுதுவதை நிறுத்தச் சொல்லிவிட்டு என்னையே பார்க்கிறீர்கள்? "அந்த ரெண்டு புள்ளைங்களையும் கொஞ்சமாச்சும் நெனச்சுப் பாத்தீங்களா?" என்கிறீர்கள்.

நினைக்காமல் இருப்பேனா. சாவு வீட்டில் சின்னவள் என் மடியில்தான் தூங்கினாள். அவர்களுக்கு அப்பா இருக்கிறார், அத்தை இருக்கிறாள், சித்திகள் இருக்கிறார்கள், சிலிபினில் ஒரு தெருவே இருக்கிறது.

அந்த வீட்டுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?