பதில் வராத வளைவு

— மார்ச் பதினேழு, செவ்வாய். இன்னிக்கு என் தப்பு: ஹெட்செட்டோட ரெண்டு பிளக்கையும் மாத்திச் சொருகிட்டேன். மைக் போக வேண்டிய ஓட்டையில காது, காது போக வேண்டிய ஓட்டையில மைக். அதனால...

— தப்பைக்கூட இவ்வளவு சத்தமா படிக்கணுமா கண்ணு?

— மாஸ்டர் போட்ட சட்டம்ப்பா. நோட்டுல முதல் வரி அன்னிக்குத் தப்பு, கடைசி வரி மறுநாள் வேலை. நடுவுல என்ன வேணா எழுதிக்கலாம். சாயங்கால மெக்கானிக் வகுப்புல எல்லாரும் அப்படித்தான். வாய்விட்டுப் படிச்சாதான் மண்டையில ஏறுமாம்.

— நாங்க கார் ராலி ஓட்டினப்ப, தப்பு பண்ணா பக்கத்துல இருக்கறவன் மண்டையில தட்டுவான். அதுவும் நல்லாவே ஏறும்.

— ஒரு நிமிஷம், முடிச்சுடறேன். "பிளக்கைச் சரியா மாத்தின பிறகும் சத்தம் வரல. ஆக, தப்பு என்னோடது மட்டும் இல்ல." இந்த வரி சரியான்னு தெரியல. அடிச்சிடவா?

— ஏன்?

— பழியைத் தூக்கி வண்டி மேல போடற மாதிரி இருக்கு.

— போடேன். இத்தனை வருஷம் தார்ப்பாய்க்கு அடியில ராஜா மாதிரி படுத்துக் கிடந்துச்சு. அதுக்கும் கொஞ்சம் பழி வரட்டும்.

— கிண்டல் பண்ணுங்க. அடுத்த மாசம் பழைய வண்டிங்க ஓட்டத்துக்குப் பேர் குடுத்திருக்கோம். புறப்படறதுக்கு முன்னாடி ஒண்ணொண்ணா சோதிப்பாங்க. விளக்கு, பெல்ட்டு, கூண்டுக் கம்பி, அப்புறம் இந்தப் பேசற பெட்டி. ஓட்டறவளும் வழி சொல்றவரும் பேசிக்க முடியலேன்னா கோட்டுலேயே திருப்பி அனுப்பிடுவாங்க.

— அனுப்பினா வந்து சேரு. வீடு இங்கதானே இருக்கு.

— அப்பா, தற்காலிகமா ஒரு புது ஒயரை மேலாக இழுத்து விட்டிருக்கேன். நீங்க இடது சீட்டுல உட்காருங்க. நான் வலது பக்கம், மாமா ஓட்டின சீட்டுல. ஹெல்மெட்டைப் போட்டுக்கிட்டு ஏதாவது சொல்லுங்க.

— என்னத்தைச் சொல்ல?

— வழி சொல்லுங்க, எத்தனை மீட்டர்ல எந்தப் பக்க வளைவுன்னு. நான் வேலைக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள, இதுல தனியா உட்கார்ந்து சொல்வீங்களே, அதையே சொல்லுங்க.

— அது உனக்கு எப்படித் தெரியும்?

— ஷெட்டு ஷட்டர் வெறும் தகரம்தானேப்பா. தெருவுல நின்னா கேட்கும்.

— சரி, போடு. நூறு. இடது அஞ்சு, மேடு. அம்பது. வலது நாலு, உள்ள கல்லு.

— ம்.

— கழட்டு.

— கேட்குதுப்பா! அப்படியே காதுக்குள்ள உட்கார்ந்து பேசற மாதிரி...

— ஹெல்மெட்டைக் கழட்டுன்னு சொன்னேன்.

— என்னப்பா? ஏன் ஹெல்மெட்டைப் பிடுங்கறீங்க?

— அந்தச் சீட்டுல இருந்துக்கிட்டு அப்படி 'ம்' சொல்லாதே. சரின்னு சொல்லு, ஆமான்னு சொல்லு, எது வேணா சொல்லு. அது மட்டும் வேண்டாம்.

— மாமா அப்படித்தான் சொல்வாரா?

— ஒவ்வொரு வளைவுக்கும். நான் தாளைப் பார்ப்பேன், அவன் ரோட்டைப் பார்ப்பான். நான் தலை நிமிர மாட்டேன். வரப்போற வளைவைச் சொல்லுவேன், அவன் 'ம்'பான், நான் அடுத்த வரிக்குப் போவேன். அவனுக்கு ரோடுன்னா ரோடு. எனக்கு அந்த 'ம்'தான் ரோடு.

— இங்க தனியா உட்கார்ந்து சொல்றப்ப... கேட்குதா?

— சில நாள் கேட்கும். நான் சொல்லி முடிக்கறதுக்கு முன்னாடியே கேட்கும். உயிரோட இருந்தப்பவும் உங்க மாமனுக்கு அவசரம்தான்.

— பயமா இல்லையா?

— கேட்காத நாள்தான் பயம்.

— அப்பா, ஒண்ணு சொல்லணும். ஒண்ணொண்ணா போறேன், தப்பா போனா நிறுத்துங்க. புது ஒயர்ல கேட்குது, பழைய ஒயர்ல கேட்கல. பெட்டி அதே பெட்டி, ஹெட்செட் அதே ஹெட்செட். அப்ப கெட்டது பழைய ஒயர்தான். அது உங்க சீட்டுப் பக்கத்துல கிளம்பி, மாமா சீட்டுக்கு அடியில போய், அவர் ஹெல்மெட்டுக்கு வருது. நீங்க கை கழுவப் போனப்ப அடியில டார்ச் அடிச்சுப் பார்த்தேன்.

— கார்புரேட்டரைப் பாரு முதல்ல. ரெண்டும் ஒரே மாதிரி மூச்சு விடல. ஒண்ணு இருமுது, ஒண்ணு கொட்டாவி விடுது.

— கார்புரேட்டர் எங்கயும் ஓடிப்போயிடாது. ஒயர், சீட்டு ஓடற தடத்துக்குள்ள மாட்டி நசுங்கியிருக்குப்பா. தோல் கிழிஞ்சு, உள்ள செம்பு ரெண்டா அறுந்து, பச்சை பூத்துப் போயிருக்கு.

— அன்னிக்கு மலையில வண்டி உருண்டுச்சுல்ல, அதுல அறுந்திருக்கும்.

— நானும் அப்படித்தான் நினைச்சேன். ஆனா இழுத்து அறுந்திருந்தா நுனி மெலிஞ்சு கூரா இருக்கும். போன வாரம் வகுப்புல காட்டினாங்க. இது கத்தரி வெச்ச மாதிரி தட்டையா இருக்கு. உருள்றதுக்கு முன்னாடியே வெட்டுப்பட்டிருக்கு. அப்பா, உங்களுக்குப் புரியுதா? நீங்க சொன்ன ஒரு வார்த்தைகூட மாமா காதுல விழல!

— மெதுவா பேசு.

— ஏன் மெதுவா பேசணும்? "ரெண்டை ஆறுன்னு படிச்சான், மச்சானைக் கொன்னான்"னு பெரியம்மாலேர்ந்து பக்கத்து வீட்டுக்காரர் வரைக்கும் சொல்லலையா? ஆறுன்னா கண்ணை மூடிக்கிட்டுப் போற வளைவு. ரெண்டுன்னா உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டுப் போற வளைவு. அதைப் போய் நீங்க மாத்திப் படிப்பீங்களா? மளிகைச் சீட்டையே ரெண்டு தடவை படிக்கற ஆளு! நீங்களும் எல்லார்கிட்டயும் ஆமா ஆமான்னு தலையாட்டிட்டு வந்திருக்கீங்க.

— தலை என்னோடது. ஆட்டினேன்.

— விளையாடாதீங்கப்பா. அம்மா உங்க பக்கத்துல ஒரு வண்டியில உட்கார்ந்து நான் பார்த்ததே இல்ல. பஸ்ஸுலகூட நீங்க முன்னாடி, அவங்க பின்னாடி. இந்த ஷெட்டு வாசலைத் தாண்டி ஒரு அடி வெச்சதில்ல. அண்ணனைக் கொன்னவர்னு மனசுல வெச்சுக்கிட்டேதானே உங்களுக்குச் சோறு போடறாங்க? இன்னிக்கு அவங்க வந்ததும் அந்த ஒயரை வெட்டிக் கொண்டுபோய் மேஜை மேல வெக்கப் போறேன்.

— வெக்க மாட்டே.

— ஏன்?

— எலி கடிச்சுதுன்னு நோட்டுல எழுது. புது ஒயரைப் போடு. பழசை என்கிட்ட குடு.

— எலிக்குத் தட்டைப் பல்லா?

— பகல்ல பில்லு போடற பொண்ணு நீ. போலீஸ்காரி மாதிரி பேசறியே.

— பில்லு போடறவளுக்குத்தான் கணக்கு உதைச்சா தூக்கம் வராது. இன்னும் ஒண்ணு உதைக்குதுப்பா. அந்தத் தடத்துல பல்லுப் பல்லா வெட்டு இருக்கு, சீட்டு எந்தப் பல்லுல வேணா நிக்கும். மாமா ஒட்டகம்னு நீங்களே சொல்வீங்க. அவர் கால் மடங்கி உட்காரணும்னா சீட்டு கடைசிப் பல்லுக்குப் போகணும். ஆனா ஒயர் நசுங்கினது முதல் பல்லுகிட்ட. செம்புப் பொடி இன்னும் அங்கேயே அப்பிக்கிட்டு இருக்கு. அப்ப அன்னிக்கு யாரோ சீட்டை நல்லா முன்னாடி இழுத்துப் போட்டு உட்கார்ந்திருக்காங்க. அப்புறம்தான் மாமா வந்து பின்னாடி தள்ளியிருக்கார்.

— போதும் கண்ணு.

— யாருப்பா அது? மெக்கானிக்கா?

— போதும்னா விடேன்.

— நான் தப்பாகூட இருக்கலாம். ஆனா முதல் பல்லுல உட்கார்ந்தாத்தான் கால் எட்டும்னா, ஆள் ரொம்பக் குட்டையா இருக்கணும். என்னை மாதிரி. நான் இப்ப உட்கார்ந்திருக்கறதே முதல் பல்லுலதான்.

— உன் உயரம் உனக்கு யார் குடுத்தது?

— அப்பா...

— அழாதே. அவ வர்ற நேரம்.

— அம்மாவுக்கு... அம்மாவுக்கு வண்டி ஓட்டத் தெரியுமா?

— தெரியுமாவா? அண்ணனும் தங்கச்சியும் ஒண்ணா கத்துக்கிட்டாங்க. அவன் வேகம், அவ சுத்தம். ஒரு கியர் மாத்தினா உனக்குத் தெரியாது. அன்னிக்குக் காலையில, வீட்டுலேர்ந்து புறப்படற கோடு வரைக்கும் தங்கச்சி ஓட்டட்டும்னான். நான் வேண்டாம்னேன். கல்யாணம் ஆன புதுசு, நாலு பேர் பார்ப்பாங்கன்னு ஒரு வீம்பு. "உன் பொண்டாட்டி ஆகறதுக்கு முன்னாடி அவ என் தங்கச்சிடா"ன்னு சாவியை அவகிட்ட தூக்கிப் போட்டுட்டான். அவ முகத்துல ஒரு சிரிப்பு வந்துச்சு பாரு. அதுக்கப்புறம் அந்தச் சிரிப்பை நான் பார்க்கல.

— கோட்டுல நிக்கறப்ப ஹெட்செட்டைச் சோதிச்சுப் பார்ப்பீங்கல்ல?

— எல்லா நாளும் பார்ப்போம். ஒருத்தருக்கொருத்தர் ஒரு வார்த்தை பேசிப் பார்க்கறது வழக்கம். அன்னிக்கு நாங்க பேசிக்கல.

— அய்யோ.

— கொடி விழுந்துச்சு. முதல் வளைவைச் சொன்னேன், 'ம்' வரல. ரெண்டாவது சொன்னேன், வரல. மச்சான் முறுக்கிக்கிட்டு இருக்கான், மலை ஏறினா இறங்கிடும்னு நினைச்சேன். அவனும் அதையேதான் நினைச்சிருப்பான். மாப்பிள்ளை கோவத்துல வாயைத் திறக்கல, திறக்காட்டி போடா, எனக்குக் கண்ணு இருக்குன்னு. ரெண்டு பேரும் வீம்பு பிடிச்சுக்கிட்டே ஏறினோம். தொடையில ஒரு தட்டுத் தட்டியிருந்தா போதும் கண்ணு. ஒரு தட்டு.

— ஒயர் விஷயம் உங்களுக்கு எப்பத் தெரியும்?

— அன்னிக்கே. வண்டி தலைகீழா கிடந்துச்சு. வண்டியோட தரை மேல, நாங்க கீழ. சீட்டோட அடி என் கண்ணுக்கு நேரா. ஆளுங்க வந்து தூக்கற வரைக்கும் பார்க்கறதுக்கு வேற ஒண்ணும் இல்ல. அவனைப் பார்க்க முடியாதுல்ல, அதனால அதையே பார்த்துக்கிட்டு இருந்தேன்.

— அதான் யாரையும் தொட விடாம தார்ப்பாயைப் போட்டு மூடினீங்களா? நாங்க எல்லாரும் துக்கம்னு நினைச்சோம்.

— துக்கமும்தான்.

— அப்புறம் ஏன் என்கிட்ட குடுத்தீங்க?

— ஒரு மாசத்துல நீயே சலிச்சுப் போய் விட்டுடுவேன்னு நினைச்சேன். துருவைச் சுரண்டி, தரைத் தகடு வெட்டிப் பத்தவெச்சு, இன்ஜினை இறக்கி ஏத்தி, சீட்டுக்கு அடி வரைக்கும் வந்து மூக்கை நுழைப்பேன்னு எந்த மடையன் நினைப்பான்?

— அம்மாவுக்கு இது தெரியாதா?

— தெரியாது. தெரியவும் கூடாது. மச்சானைக் கொன்னவன்னு பேர் வாங்கிக்கிட்டு ஒருத்தன் வாழ்ந்துடலாம், நான் வாழலையா? அண்ணன் சாவுக்குத் தன் கைதான் காரணம்னு தெரிஞ்சா அவ ஒரு ராத்திரி தாங்க மாட்டா.

— இது நியாயமே இல்லப்பா.

— நியாயத்தை வெச்சு யார் குடும்பம் நடத்தினா? வாசல் கேட்டுச் சத்தம், வந்துட்டா. கண்ணைத் துடை. அந்தக் கிரீஸ் கையால துடைக்காதே, கரடி மாதிரி ஆயிடுவே.

— அப்பாவும் பொண்ணும் சாப்பிட வர்ற உத்தேசம் உண்டா, இல்ல ஆளுக்கொரு டம்ளர் பெட்ரோல் குடிச்சுட்டுப் படுத்துக்கறீங்களா?

— இதோ வர்றோம்மா. வேலை விட்டு இப்பத்தான் வர்றீங்களா? பையைக்கூட வெக்கல.

— அது கிடக்கட்டும். என்ன மூஞ்சி இது? யார் திட்டினா?

— யாரும் இல்லம்மா. துரு கண்ணுல பட்டுடுச்சு.

— அவர் கண்ணுலயுமா?

— காத்து இந்தப் பக்கமா அடிச்சுது.

— ஷட்டரை முக்கால்வாசி இறக்கி வெச்சுக்கிட்டு காத்து அடிச்சுதாம். இன்னிக்கு என்ன வேலை ஆச்சு?

— பேசற பெட்டிம்மா. ஓட்டறவங்களுக்கும் வழி சொல்றவங்களுக்கும் நடுவுல இருக்குமே, அது. பழைய ஒயர் கெட்டுப் போச்சு. எலி கடிச்சிருக்கு.

— எலி.

— ஆமாம்மா.

— எலின்னு உங்கப்பா சொன்னாரா?

— நான்தான் பார்த்தேன்.

— நோட்டு எழுதிட்டியா?

— தப்பை எழுதிட்டேன். கடைசி வரி பாக்கி. நாளைக்கு ஒயர் மாத்தணும்னு எழுதப் போறேன்.

— அது பத்தாது. நான் சொல்றேன், எழுது.

— அம்மா... நீங்க உள்ள வந்துட்டீங்க.

— எங்க நிக்கறேன்னு எனக்குத் தெரியாதா? பேனாவை எடு.

— ஏய், நீ எதுக்கு இதுல...

— நீங்க பேசாதீங்க. இவ்வளவு நாள் நீங்க பேசினதும் போதும், பேசாததும் போதும். எழுதுடி. புது ஒயரை முதல்ல மேல தூக்கிக் கட்டணும். அதுக்கப்புறம்தான் சீட்டை முன்னாடி இழுக்கணும். முதல் பல்லுகிட்ட வர்றப்ப கொஞ்சம் சிக்கும். சிக்கினா இறங்கி அடியில பாரு. சாவி கையில வந்த சந்தோஷத்துல எம்பி ஒரு இழு இழுத்துடாதே.