திரையை வெட்டுங்கள், முகத்தைக் காப்பாற்றுங்கள்

அவையின் நடுநாயகமாய் வீற்றிருக்கும் தலைவி அவர்களே! வயதாலும் அறிவாலும் மூத்து, முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களே! கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி காத்திருக்கும் தாய்மார்களே! இல்லத்தரசியருக்கான கணினி வகுப்பின் இத்தொடக்க விழாவில், என்னையும் பேசவைத்த இறைவனைத் தொழுது தொடங்குகிறேன்.

படத்தைச் சுருக்குவது பற்றிப் பேசச் சொன்னார்கள். "அதுக்கு எதுக்குப் பேச்சு? பொத்தானை அமுக்கினா ஆச்சு" என்கிறீர்களா? எதை அமுக்குவது? எங்கே நிறுத்துவது? அங்கேதான் அம்மா, சங்கதியே இருக்கிறது!

என் தம்பி சரக்குக் கப்பலில் சமையல்காரன். அவன் நடுக்கடலில் இருக்கும்போது அவன் மனைவிக்கு மகன் பிறந்தான். முதல் பிள்ளையைப் பிறந்த அன்றே பறிகொடுத்த தம்பதி அவர்கள். அப்போதும் அவன் கப்பலில்தான் இருந்தான். "குழந்தை சுகம்" என்றே, அவன் கரை இறங்கும்வரை, உறவுகள் அவனுக்குச் சொல்லிவந்தன. ஆகவே இம்முறை அவன் எழுதியது ஒன்றே: "அக்கா, வாயால சொல்லாத. முகத்தைக் காட்டு."

காட்டலாம். ஆனால் கப்பலுக்குப் போகும் மின்னஞ்சல் வழி குறுகல். பெரிய படம் அனுப்பினால், சுவரில் எறிந்த பந்தாய்த் திரும்பிவந்தது.

"தள்ளு, நான் பாத்துக்கறேன்" என்றார் என் வீட்டுக்காரர். படத்தை அமுக்கிச் சுருக்கி அனுப்பினார், திரும்பியது. அமுக்கியதையே அமுக்கினார், திரும்பியது. அதையும் பிடித்து அமுக்கினார், போய்விட்டது! "பாத்தியா?" என்று மீசையை முறுக்கினார். (மெதுவாகச் சிரியுங்கள், இரண்டாம் வரிசையில்தான் இருக்கிறார்.)

வந்ததே பதில்! "முகத்தை ஏன்க்கா அழிச்சிருக்கீங்க? எதை மறைக்கறீங்க?"

போன படத்தைப் பிள்ளையைப் பெற்றவள் வாங்கிப் பார்த்தாள். "அண்ணி, இது என் புள்ளையா, பாத்ரூம் டைல்ஸா?" என்றவள் சிரிக்கவில்லை. மார்பிலிருந்த பிள்ளையை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

தாய்மார்களே! அமுக்கும்போதெல்லாம் கணினி கொஞ்சம் மறக்கிறது. மறந்ததைத் திருப்பிக் கேட்டால் அதற்குத் தெரியாது. பிழிந்த சக்கையைப் பிழிந்தால் சாறு வருமா? ஆகவே, ஆண்டவன் புண்ணியத்தில் அழியாமலிருந்த மூலப் படத்துக்கே போனேன்.

அதில் என்ன கண்டேன்? மூலையில் சின்ன முகம், அணைத்திருக்கும் தாயின் கை. பின்னால் ஆஸ்பத்திரியின் பூப்போட்ட திரை! வெறுஞ்சுவர் ஒரே நிறம், படக்கோப்பில் அதற்குச் சொற்ப இடம் போதும். பூவுக்கோ இதழ், நிழல், ஓரம் என்று அத்தனைக்கும் இடம் வேண்டும். பிள்ளைக்கு வைத்த சோற்றைத் திரையல்லவா தின்றுகொண்டிருந்தது! வெட்டினேன்.

"என் கையையும் வெட்டிருங்க அண்ணி. ஊசி போட்ட பிளாஸ்திரி தெரியுது. அவரு பயந்துருவாரு."

"மறைச்சாத்தான்மா பயப்படுவான். கை இருக்கட்டும்" என்றேன்.

நீள அகலத்தை அவன் கைப்பேசித் திரைக்கு ஏற்பக் குறைத்தேன். பிறகு ஒரேயொரு தடவை அமுக்கினேன். பெரிதாக்கி, கண்ணிமை தெரிகிறதா என்று பார்த்தேன்; தெரிந்தது. கடவுளை வேண்டி அனுப்பினேன். திரும்பி வரவில்லை. பதிலும் வரவில்லை. அவள் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள், கதவு வழியாகவா பதில் வரும்!

வந்தது: "பாத்துட்டேன்க்கா. கண்ணை முழிச்சு என்னையே மொறைக்கறான். கப்பல்ல இன்னிக்கு எல்லாருக்கும் அடிப்பிடிச்ச சோறுதான், ஒருத்தரும் திட்டல. ஆமா, அவ கை ஏன் இவ்வளவு மெலிஞ்சு போச்சு? சாப்பிடறாளா இல்லையா?"

படித்தாள். அதுவரை தொடாமல் வைத்திருந்த தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

ஆகவே சொல்கிறேன், குறையுங்கள்! சுவரைக் குறையுங்கள், திரையைக் குறையுங்கள், அகலத்தைக் குறையுங்கள், அளவைக் குறையுங்கள்! ஆனால் அனுப்புமுன் ஒரு கணம் கேளுங்கள்: அந்தப் பக்கம் இருப்பவர் இதில் எதைத் தேடுவார்? அதில் மட்டும் கை வைக்காதீர்கள்!

பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கும், கேலியைப் பொறுத்துக்கொண்ட இரண்டாம் வரிசைக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. எல்லாரையும் கைகூப்பி வணங்குகிறேன்!