எட்டுத் தையல்

சேருல உக்காந்தா தலை ஆடுமுங்க, இந்த டேபிள் மேலயே படுத்துக்குங்க கண்ணு. ஆமாங்க, துணி வெட்டற டேபிள்தான். வேல்குமாரையும் இங்கதான் படுக்க வெச்சேன், தலை அந்த ஜன்னல் பக்கம். யாரும் வரமாட்டாங்க, இன்னிக்கு ஞாயித்துக்கெழமைங்க. வாட்ச்மேன் கூட சர்ச்சுக்குப் போயிட்டாரு. வந்தவுடனே வெளிச்சத்துல நிக்க வெச்சுப் பாத்தேனில்லீங்க, அது போதும். இனி படுத்துக்கலாம்.

சட்டையக் கழட்டவா? வேண்டாமுங்க, இருக்கட்டும். அது நம்ம கட்டிங்தானுங்க. வேல்குமாரோட ரெண்டாவது பாட்டு ஆல்பம் வர்ற அன்னிக்கே விக்கோணும்னு, நெஞ்சுல எட்டுத் தையல்னு பிரிண்ட் போட்டு ரெண்டாயிரம் கறுப்பு டி-சர்ட் கேட்டாங்க. வேல்குமாரு ஆர்டரை நம்ம கம்பெனிக்கே குடுத்துட்டான். அத்தனையும் நான் வெட்டினது.

வேல்குமாரு நாலு வருசம் எங்கிட்ட துணி விரிச்ச பையன்தானுங்க. அந்த முனையில அவன், இந்த முனையில நான். மெஷின் ஓடற சத்தத்துக்கு வார்த்தையக் கோத்துக் கோத்து மொணமொணன்னு பாடிட்டே இருப்பான். நல்லாத்தான் இருக்கும். மொத ஆல்பம் வந்தப்ப இந்த செக்சன்ல இருந்த பதினாறு பேரும் ஆளுக்கொருக்கா கேட்டோம். அதுக்கப்பறம் வேற யாரும் அவ்வளவாக் கேக்கல. கத்தி, ரத்தம்னு பாடறான், மூஞ்சியப் பாத்தா பால் ஊத்தற பையனாட்ட இருக்குதுன்னு நெட்டுல எழுதினாங்களாமா. ஒரு பொண்ணு, இவன் கொசுவக் கூட அடிச்சிருக்க மாட்டான்னு போட்டுதாம். ரெண்டு நாள் சோறு உங்கலீங்க.

மூணாம் நாள் வந்து, கன்னத்துல ஒரு கோடு போட்டு வுடுங்கண்ணாங்கறான். போடா வேலையப் பாருன்னேன். அப்ப நானே கண்ணாடியப் பாத்து இழுத்துக்கறேன்னு பிளேடை எடுத்துட்டான். கண்ணாடியில எல்லாம் பக்கம் மாறித் தெரியுமுங்களே. கோணாமாணான்னு இழுத்துக் கண்ணுல பட்டுருச்சுன்னா? இருபத்திரண்டு வருசமா வெட்டறேன், என் முன்னால ஒருத்தன் கோணலா வெட்டறதப் பாத்துட்டு நிக்க முடியலீங்க. அதான் நான் செஞ்ச தப்பு.

வலிக்குமுங்க, பொய் சொல்ல மாட்டேன். ஆனா பத்து எண்றதுக்குள்ள முடிஞ்சு போச்சு. சாக்பீசுல கோடு போட்டேன், காதுல இருந்து ஒரு விரக்கடை தள்ளி, வாய்க்கு எட்டாம. தோலு துணியாட்ட இல்லீங்க. வெட்டினவொடனே வாயத் தொறக்குது. ஒரு நொடி வெள்ளையா நிக்குது, அப்பறந்தான் செவப்பு. கத்தாம இருக்கட்டும்னு கழுத்துக்குத் தைக்கற ரிப் துணியக் கடிக்கக் குடுத்திருந்தேன், அதுல பல்லு எறங்கிருச்சு.

இருங்க, உங்க கையக் கட்டிப் போட்டுக்கறேன். கன்னத்துல கோடு போட எதுக்குக் கையக் கட்டறீங்கன்னு அவனும்தான் கேட்டான். வெட்டுப் பட்டதும் கை தானா மேல வந்துருமுங்க. எடது கைக்கு இந்தத் துணிப் பட்டை போதும். வலது கைக்கு கிளாம்ப் போட்டர்றேன், துணி நகராம இருக்கப் போடறதுதான். நெருக்குதுங்களா? நெருக்கத்தான் வேணும்.

ஆஸ்பத்திரிக்கு எம்மச்சினன் நல்லானோட கறுப்பு டெம்போவுல அனுப்பி வெச்சேன். வழியில யாரோ வெட்டிட்டாங்கன்னு நல்லான்கிட்டயும் சொன்னோம், டாக்டர்கிட்டயும் சொன்னோம். எட்டுத் தையலுங்க. துண்டக் கன்னத்துல அமுத்திட்டு முன்னாடி உக்காந்தவன், போற வழி பூரா நல்லான் கையவே பாத்துட்டுப் போயிருக்கான். நல்லானுக்கு எடது கையில ஆறு விரலுங்க. ஸ்டியரிங்கப் புடிச்சா அந்தக் குட்டி விரல் மட்டும் தனியா நிக்கும்.

தழும்போட போஸ்டர் வந்துச்சு, ஆல்பம் வந்துச்சு, ரெண்டு கோடி பேரு கேட்டாங்க. மூணாவது பாட்டு உங்களுக்கு மனப்பாடமா இருக்கும். அவன வெட்டினவனுக்குக் கையில ஆறு விரலு, கறுப்பு டெம்போ, தாராபுரம் ரோட்டுல திரியறான்னு வருமில்லீங்க. கேட்டவொடனே போனைப் போட்டேன். என்னடா இதுன்னேன். பாட்டுக்கு ஒரு எதிரி வேணுமில்லீங்களாண்ணான்னான். அவ்வளவுதானுங்க சொன்னான்.

ஆல்பம் வந்த எட்டாம் நாளு, அதே ரோட்டுல அவிநாசிபாளையத்துல பேக்கரி முன்னால. பகல் பதினோரு மணி. எம்மவளுக்குத் தேங்கா பன்னு வாங்க நல்லான் வண்டிய நிறுத்திருக்கான். அஞ்சு பேரு வந்தாங்க. எல்லாத்துக்கும் இதே சட்டை, மூஞ்சியில கர்ச்சீப்பு. மொதல்ல வண்டிக் கண்ணாடிய ஒடச்சாங்க, அப்பறம் அவன் முட்டிய. ஒருத்தன் எடது கைய டெம்போ பலகை மேல வெச்சு அமுத்திக்கிட்டு, அந்தக் குட்டி விரல மட்டும் அருவால்ல எடுத்தான். அதோட வுட்டிருந்தாக்கூடப் பரவால்லீங்க. பொறவு கல்லத் தூக்கி மண்டையில போட்டான்.

பதினோரு நாள் கெடந்தான். அக்கா நான் யாரையும் வெட்டலக்கா, வெட்டலக்கான்னு எஞ்சம்சாரம் குப்பாயிகிட்ட சொல்லிட்டே கெடந்து போயிட்டான். கன்னத்த வெட்டினது நாந்தான்னு குப்பாயிக்கு இன்னும் தெரியாதுங்க. தெனமும் பக்கத்துல உக்காந்துதான் எனக்குச் சோறு போடறா.

அவங்களே எடுத்த வீடியோவப் பாத்திருப்பீங்களே. அந்த மூணாவது பாட்டையே பின்னால ஓட வுட்டுப் போட்டாங்கல்ல. மூஞ்சி தெரியலைன்னுட்டாங்க போலீசுல. நான் அத நூறு தடவ பாத்தேன். மூஞ்சியப் பாக்கலீங்க, சட்டையப் பாத்தேன்.

கறுப்புன்னா எல்லாம் ஒரே கறுப்பு இல்லீங்க கண்ணு. ரோலுக்கு ரோலு சாயம் ஒரு துளி மாறும். ஒரே ரோலுல வெட்டின உடம்பையும் கையையுந்தான் ஒண்ணாத் தைக்கோணும். அந்த ரெண்டாயிரத்துல ஒரே ஒரு பீசுக்கு துணிக்கட்டு மாறி, வலது கைக்கு வேற ரோலு ஏறிருச்சு. ரூமுக்குள்ள தெரியாது. வெளிச்சத்துல நின்னா அந்தக் கை மட்டும் லேசா நீலம் அடிக்கும். நாந்தான் பாத்து ஒதுக்கி வெச்சேன், எப்படியோ கழிச்சுப் போட்ட செகண்ட்ஸ் சரக்கோட வெளிய போயிருச்சு. வீடியோவுல அருவாலத் தூக்குன கை நீலம் அடிச்சுதுங்க. கல்லத் தூக்குனதும் அதே கைதான்.

அதான் அந்த பேக்கரியிலயே சொல்லி வுட்டேன். வேல்குமாருக்குக் கோடு போட்டது நாந்தான், ஆல்பம் போடற பசங்க ஆரு கேட்டாலும் போட்டு வுடறேன்னு. போன்ல உங்ககிட்டயும் அந்தச் சட்டையப் போட்டுட்டு வாங்கன்னேன் பாருங்க. உங்களுக்கு முன்ன மூணு பேரு வந்தாங்க. மூணு பேரையும் ஜன்னலோரம் நிக்க வெச்சுப் பாத்தேன், ஒருத்தன் சட்டையிலயும் கை நீலம் அடிக்கல. டீ வாங்கிக் குடுத்து, நல்லாப் பாடுங்க தம்பின்னு அனுப்பிட்டேன்.

இல்லீங்க, அப்படி இழுத்தா கிளாம்ப் வராது.

சாக்பீஸ் கோடுங்களா? வலது மணிக்கட்டுலதான் போட்டிருக்கேன். பிளேடு எலும்புக்கு நிக்காதுங்க, துணி வெட்டற மெஷினுக்கு மெயின் சுவிட்சப் போட்டுட்டு வந்தர்றேன். இந்தாங்க, ரிப் துணி, நல்லாக் கடிச்சுக்குங்க.

ஆடாதீங்க கண்ணு, கோடு கோணிரும்.