தானாகத் திறக்கும் பூட்டு

— எட்டா?

— எட்டுங்க அக்கா.

— ஒரு டிஸ்க்குக்கு எட்டு சாவியா? செனோ, இது மாணவர் பத்திரிகை ஆபீஸ்டா, கல்யாண மண்டபம் இல்ல.

— பூட்டுல எட்டு இடம்தாங்க இருக்கு. இல்லேன்னா இன்னும் கூடியிருக்கும்.

— நான் ஆசிரியர். என்கிட்ட ஒரு பாஸ்வேர்ட். நீ கம்ப்யூட்டரைப் பாத்துக்கறவன். உன்கிட்ட ஒண்ணு. மீதி ஆறு யார்கிட்ட இருக்கு?

— முதல்ல உக்காருங்களேன். மூணு மாடி ஏறி வந்திருக்கீங்க, நனைஞ்சு வேற போயிருக்கீங்க. சோயா தெம்பே வறுவல் வாங்கி வெச்சிருக்கேன், சூடு ஆறல.

— செனோ.

— அஞ்சு சாவி நம்ம பழைய ஆசிரியர்களோடதுங்க.

— படிச்சு முடிச்சுப் போனவங்களா? ஒருத்தர் போர்னியோவுல மரக் கம்பெனியில இருக்காரு. அவருக்கு எதுக்கு இங்க மலாங்ல இருக்கற டிஸ்க்கோட சாவி?

— பொறுப்பு ஒப்படைக்கற விருந்தன்னிக்கு மஞ்சச் சோத்துக் கோபுரத்தை வெட்டினதும் புது ஆசிரியர் தன் சாவியைப் போடுவாங்க. பழையவங்க சாவியை யாரும் எடுக்கறதில்ல. பெரியவங்க சாவியை அவங்களைக் கேக்காம எப்படிங்க அக்கா எடுக்கறது? சட்டையைப் பிடிச்சு வெளிய தள்ற மாதிரி ஆயிடாதா?

— சோலோ ஊர்க்காரன்னா சரியாத்தான்டா இருக்கு. வீடு பத்திக்கிட்டாக்கூட நெருப்புகிட்ட மன்னிப்பு கேட்டுட்டுத்தான் வெளிய வருவீங்க.

— நெருப்பு வயசுல பெரிசா இருந்தா கேக்கத்தானே வேணும்.

— சிரிக்க வெக்காத. நான் சிரிக்கற நிலைமையில இல்ல. காலைல நம்ம யுனிவர்சிட்டி ரெக்டர் ஆபீஸ்லேருந்து போன் வந்துதுன்னு சொன்னேன்ல? அந்த ஆள் என்ன சொன்னார்னு முழுசா கேளு. "புழுவோடு பரிமாறப்படும் சோறு. தலைப்பு நல்லாருக்கும்மா. விடுதிச் சமையல்கட்டுலேருந்து உங்களுக்கு யார் சொல்றாங்கன்னு தெரிஞ்சா இன்னும் நல்லாருக்கும்." அந்தத் தலைப்பை நான் நேத்து சாயங்காலம்தான் போட்டேன். இந்தக் கம்ப்யூட்டரைத் தவிர அது வேற எங்கயும் இல்ல.

— கேட்டப்பவே சாப்பிட்டுட்டிருந்ததை மூடி வெச்சுட்டேங்க.

— உன் சாப்பாடு கிடக்கட்டும். நமக்குச் சேதி சொன்ன அந்தச் சமையல்கட்டு அம்மா பேசின பதிவும் இதே டிஸ்க்குலதான் இருக்கு. பேரே வேண்டாம், குரலைக் கேட்டாப் போதும். விடுதியில சாப்பிடற எந்தப் பையனும் இன்னாருன்னு சொல்லிடுவான். வேலை போகும். வேலையோட குடியிருக்கற அறையும் போகும். மகள் நிறைமாசமா அந்த அறையிலதான் இருக்கா.

— தெரியுங்க அக்கா. பதிவுல ஃபேன் சத்தத்தை எடுத்தவனே நான்தானே. அந்த முர்...

— பேரைச் சொல்லாத! இந்தக் கட்டடத்துல எனக்கு என் செருப்பு மேலகூட நம்பிக்கை இல்ல.

— மன்னிச்சுக்கணும்.

— நிறையத்தான் மன்னிக்க வேண்டியிருக்கும்போல. அஞ்சு பேர் யாருன்னு சொல்லு.

— லிந்தாங் அக்கா, சுப்ரியாடி அண்ணன், வுலான் அக்கா, போர்னியோ அண்ணன், அப்புறம் ஹண்டோக்கோ அண்ணன்.

— எந்த ஹண்டோக்கோ?

— நம்ம ஹண்டோக்கோ அண்ணன்தாங்க.

— ரெக்டருக்குப் பேச்சு எழுதிக் குடுக்கறாரே, அந்த ஹண்டோக்கோவா?

— அது இப்ப. முன்னாடி ரெக்டரைக் கேலி பண்ணி நம்ம பத்திரிகையில எழுதிட்டிருந்தார். ரொம்ப நல்லா எழுதுவாருங்க.

— ரெக்டர் ஆபீஸ்ல உக்காந்திருக்கற ஆள்கிட்ட நம்ம டிஸ்க்கோட சாவி! இதை இவ்வளவு நாளா நீ என்கிட்ட சொல்லவே இல்ல?

— நீங்க கேக்கலைங்களே அக்கா. அதோட அவர் பாஸ்வேர்டை மறந்துட்டார். போன நோன்புப் பெருநாளுக்கு வாழ்த்து அனுப்பினப்ப அதையும் கேட்டிருந்தார்.

— நீ சொல்லிக் குடுத்தியா?

— அதெப்படிங்க எனக்குத் தெரியும்? அவரோடது அவருக்கு மட்டும்தான் தெரியும். உங்களுக்கும் நலமும் வளமும் உண்டாகட்டும்னு பதில் போட்டேன்.

— சரி. அஞ்சு பேர் ஆச்சு. நீயும் நானும் சேத்தா ஏழு. எட்டாவது?

— அது... கம்ப்யூட்டரோடதுங்க.

— கம்ப்யூட்டருக்கு எதுக்குடா சாவி?

— தானாத் திறந்துக்கத்தான்.

— திரும்பச் சொல்லு.

— மழைக்காலத்துல கரண்ட் போய்ப் போய் வருதுங்களா. ஒவ்வொரு தடவையும் கம்ப்யூட்டர் ஸ்டார்ட் ஆகும்போது பாஸ்வேர்டைக் கேட்டுட்டு அப்படியே நின்னுடும். யாராவது மூணு மாடி ஏறி வந்து அடிச்சாத்தான் மேல நகரும். அதான் ஒரு சாவி ஃபைல் பண்ணி, எட்டாவது இடத்துல போட்டு, ஸ்டார்ட் ஆகும்போது அதை எடுத்துத் திறந்துக்கோன்னு எழுதி வெச்சுட்டேன்.

— அந்த ஃபைல் எங்க இருக்கு?

— இதே பெட்டியிலதான். பூட்டாத சின்னப் பகுதி ஒண்ணு இருக்கு, அதுக்குள்ள.

— கதவைப் பூட்டிட்டு சாவியைக் கதவுலயே தொங்க விட்டிருக்க.

— தொங்க விடலைங்க, மறைவாத்தான் வெச்சிருக்கேன். ஃபைலுக்கு "இது சாவி இல்லை"ன்னு பேர் வெச்சிருக்கேன்.

— அடப்பாவி! அப்போ எவன் வந்து பட்டனை அமுக்கினாலும் திறந்துக்கும்?

— பட்டனே வேண்டாங்க. கரண்ட் வந்தாப் போதும், தானா எழுந்துக்கும்.

— அப்புறம் இந்த ஏழு பேர் கையில சாவி எதுக்கு?

— மரியாதைக்கு.

— செனோ, நான் சுரபாயாக்காரி. எங்க ஊர்ல ஆள் மேல சந்தேகம் வந்தா மூஞ்சிக்கு நேராவே கேட்டுடுவோம். உன்னை இப்படிச் செய்யச் சொன்னது யாரு? ஹண்டோக்கோவா?

— இல்லைங்க.

— ரெக்டர் ஆபீஸ்ல வேற யாராவது? வேலை தர்றேன்னாங்களா? கண்ணைப் பாத்துச் சொல்லு. ஏன் கீழ பாக்கற?

— சொன்னா வருத்தப்படுவீங்க.

— யாருடா?

— நீங்கதாங்க அக்கா.

— என்ன?

— மழை தொடங்கின புதுசுல, முழங்கால்ல அடிபட்டுக் கட்டுப் போட்டிருந்தீங்களே, அப்ப. "இனிமே பாஸ்வேர்டுக்காக நான் மாடி ஏற மாட்டேன், ஏதாவது பண்ணு"ன்னீங்க.

— ஏதாவது பண்ணுன்னா இதையாடா பண்றது!

— நானும் அப்பவே ஆட்சேபணை சொன்னேங்களே.

— எப்போ?

— "சரிங்க அக்கா"ன்னேனே.

— சரின்னா ஆட்சேபணையா?

— கொஞ்சம் மெதுவாச் சொன்னேன்.

— கடவுளே! சரி, நேத்து என்ன நடந்துதுன்னு யோசி. நான் தலைப்பு போட்டேன், கிளம்பினேன். அப்புறம்?

— கரண்ட் போச்சு. அப்புறம் வந்துது. கம்ப்யூட்டர் எழுந்து டிஸ்க்கைத் திறந்துக்கிச்சு. கடைசியா இருந்த பக்கத்தையும் தானாவே திரையில எடுத்துப் போட்டிருக்கும். அதுவும் நான் செஞ்ச வசதிதான்.

— திரை ஜன்னலைப் பாத்துத்தானே இருக்கு.

— ஜன்னலுக்கு வெளிய வராந்தாவுலதாங்க தண்ணி மெஷின். தண்ணி பிடிக்க வந்த யாரு வேணும்னாலும் நின்னு படிச்சிருக்கலாம்.

— அப்போ எவனும் எதையும் உடைச்சு உள்ள வரல. நாமளே வீதியில விரிச்சு வெச்சிருக்கோம். அந்தப் பதிவை யாராவது கேட்டிருக்காங்களா? அதை முதல்ல பாரு.

— பாத்துட்டேங்க. கடைசியாத் திறந்தது நான்தான், போன வாரம். அப்புறம் யாரும் தொடல.

— நீ பொய் சொன்னா எனக்கு எப்படித் தெரியும்?

— தெரியாதுதாங்க.

— இப்படி நேராச் சொல்றியே, அதான் இன்னும் சந்தேகமா இருக்கு. கீபோர்டுல கையை வை, வேலையைப் பாரு. தானாத் திறக்கறதை எடு. ஒவ்வொண்ணையும் எனக்குச் சொல்லிட்டே செய்யி.

— இந்த வரி பாருங்க. எந்த டிஸ்க், எந்தச் சாவி ஃபைல்னு எழுதியிருக்கு. ஃபைல் பேரை அழிச்சுட்டு அங்க "இல்லை"ன்னு போடறேன். இல்லைன்னு இருந்தாத்தான் அது நம்மளைக் கேக்கும்.

— முடிஞ்சுதா?

— இல்லைங்க. ஸ்டார்ட் ஆகும்போது கம்ப்யூட்டர் ஒரு சின்ன மூட்டையைத்தான் முதல்ல பிரிக்கும். அந்த மூட்டைக்குள்ளயும் சாவியோட நகல் இருக்கு. மூட்டையைப் புதுசாக் கட்டணும். இதை மறந்துட்டுத்தான் நிறையப் பேர் பூட்டிட்டோம்னு நினைச்சுட்டு இருப்பாங்க.

— கட்டு, கட்டு.

— கட்டியாச்சு. இப்ப ரீஸ்டார்ட் பண்றேன். பாருங்க... நின்னுடுச்சு. பாஸ்வேர்ட் கேக்குது.

— அந்தப் பக்கம் திரும்பு. நான் அடிக்கறேன். ம், திறந்துடுச்சு. இப்ப சாவிகளுக்கு வா. முதல்ல கம்ப்யூட்டரோடது.

— போச்சுங்க.

— ஹண்டோக்கோ.

— போச்சு.

— லிந்தாங், சுப்ரியாடி, வுலான், போர்னியோ.

— போச்சு, போச்சு, போச்சு... போச்சுங்க.

— நில்லு. என்னடா இது? பெரியவங்க சாவியைத் தொடறதே பாவம்ங்கற மாதிரி பேசின. இப்ப கறிவேப்பிலை மாதிரி எடுத்துப் போடற. ஒரு "ஆனா"கூட வரலையே உன் வாயிலேருந்து?

— மனசு சமாதானமா இருக்குங்க, அதான்.

— எனக்கு இல்ல. உன் சாவியையும் எடு.

— என்னோடதையுமா?

— ஏன், கஷ்டமா இருக்கா?

— இல்லைங்க. எடுத்துட்டேன். இனிமே கரண்ட் போனா நீங்கதான் மாடி ஏறணும், அவ்வளவுதான்.

— தவழ்ந்தாவது ஏறுவேன். இப்ப எத்தனை சாவி மிச்சம்?

— ஒண்ணே ஒண்ணு. உங்களோடது.

— அப்பாடா. இனி அந்த ரெக்டரே இந்தப் பெட்டியைத் தலையில தூக்கிட்டுப் போனாலும் அவருக்கு ஒரு குரலும் கேக்காது. அந்த அம்மா யாருன்னு உனக்கும் எனக்கும்தான் தெரியும். ஏய், மூஞ்சியை அப்படி வெச்சுக்காத. உன்னைச் சந்தேகப்பட்டேன், தப்புதான்.

— பரவால்லைங்க அக்கா. ஆசிரியர்னா சந்தேகப்படணும்.

— பழைய ஆசிரியருங்களை எப்படிச் சமாளிக்கறதுன்னுதான் இனி யோசிக்கணும். அந்த ஹண்டோக்கோ மட்டும் கேள்விப்பட்டா...

— அந்தக் கவலையே வேண்டாங்க. அனுமதி வாங்கிட்டேன்.

— யார்கிட்ட?

— எல்லார்கிட்டயும். காலைல நீங்க போன்ல "எவன்லாம் சாவி வெச்சிருக்கானோ எல்லாத்தையும் பிடுங்கறேன்"னு கத்தினீங்களா, சொல்லாமப் பிடுங்கினா நல்லாருக்காதுன்னு ஒவ்வொருத்தருக்கா போன் போட்டுட்டேன். எல்லாரும் பெருந்தன்மையா எடுத்துக்கோன்னாங்க.

— ஹண்டோக்கோவுக்குமா போட்ட?

— அவரை மட்டும் விட்டா மனசு கஷ்டப்படுவாருங்களே. அவரும் எடுத்துக்கோன்னுதான் சொன்னார். ஏன் தம்பி திடீர்னுன்னு மட்டும் ஒரு வார்த்தை கேட்டார்.

— செனோ... அதுக்கு நீ என்ன சொன்ன?

— பெரியவர் வாய்விட்டுக் கேக்கும்போது எப்படிங்க அக்கா சும்மா இருக்கறது... "உங்க மேல சந்தேகமெல்லாம் இல்லண்ணே, பாவம் நம்ம முர்சித்தி அம்மா வேலைக்கு ஒண்ணும் ஆயிடக் கூடாதுன்னுதான்"னு சொன்னேன்.