ரப்பர் பால் உறைந்த பாடவேளை

காலை ஆறு நாற்பதுக்கே அறிவியல் கூடத்தைத் திறந்து வைத்து, தோட்டத்துப் பேருந்து வரும் திசையைப் பார்த்து நிற்கும் எங்கள் வேதியியல் ஆசிரியை நீலாவதி அம்மையே! வணக்கம்.

பணி ஓய்வு மடலில் பெருமைகளை அடுக்க வேண்டும். அடுக்கலாம். இந்த இடைநிலைப்பள்ளியில் இருபத்தெட்டு ஆண்டுகள். குழாயில் நீர் வராத நாள்களில் உங்கள் காரில் வந்த வாளிகள். கோலா பிலா சுற்றுவட்ட ரப்பர்த் தோட்டங்களில் பிறந்து, இன்று மருந்தகங்களிலும் சுங்கை காடுட் ஆலைகளிலும் வெள்ளை மேலங்கி அணிந்து நிற்கும் உங்கள் பிள்ளைகள். ஆனால் எங்கள் மனம் சென்ற செவ்வாய்க்கிழமையை விட்டு நகர மறுக்கிறது.

உங்கள் இடத்துக்கு ஆள் கேட்டு ஓராண்டாகிறது. வரவில்லை. ஐந்தாம் படிவத்தில் வேதியியல் படிப்பவர்கள் மூவர். பள்ளியிறுதி எஸ்.பி.எம். தேர்வு நெருங்கும் வேளையில் அவர்கள் பாடத்தைக் கைவிட்டு வணிகவியலுக்கு மாற வேண்டும் என்று முடிவாகிவிட்டது. அதைச் சொல்லும் பொறுப்பை நீங்களே கேட்டு வாங்கிக்கொண்டீர்கள். அன்று அதற்காகத்தான் வகுப்புக்குள் நுழைந்தீர்கள். கடைசி மேசையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த, தமிழாசிரியர்களான எங்களில் ஒருவர் எல்லாவற்றையும் கேட்டார்.

மூவரில் ஒருவனான புனிதன் ஒரு போத்தலை நீட்டினான். அமிலம் ஊற்றி உறைய வைக்கும் சோதனைக்காக, மாமாவின் சிறுதோட்டத்தில் முதல் நாள் எடுத்த ரப்பர் பால். அதுவரை உறையாமலிருக்க அமோனியா கலந்திருக்க வேண்டும். அந்த வீட்டில் யாருக்கும் அது தோன்றவில்லை. இப்போது அங்கே பாலைப் பாலாக விற்பதில்லை. மரத்தில் கட்டிய கோப்பையிலேயே உறைய விட்டு, கட்டியாக விற்கிறார்கள்.

"கட்டியா போச்சு டீச்சர்."

"உறைய வைக்கத்தானே லா சோதனை? முடிஞ்சிருச்சி. வா, கேண்டீனுக்குப் போலாம்," என்றாள் லோகேஸ்வரி.

நீங்கள் சிரித்துவிட்டீர்கள். "சரி, ஆசிட் யாரு ஊத்துனா?"

"யாரும் ஊத்தல டீச்சர்."

"அப்பறம் எப்படி?"

சசிதரன் போத்தலை முகர்ந்து முகம் சுளித்தான். "ஐயோ, நாறுது. உள்ள கிருமி பூந்துருச்சா?"

"பூந்து?" என்றீர்கள்.

"அதுங்களே ஆசிட் செஞ்சிருச்சா, டீச்சர்?" லோகேஸ்வரி கேண்டீனை மறந்திருந்தாள்.

பாடநூலில் ஒரு வரியாகக் கிடப்பதை அவர்கள் தாமாகவே கண்டடைந்தார்கள். நீங்கள் சொல்ல வந்ததைச் சொல்லவில்லை. மணி அடித்த பிறகும், ஒன்றும் எழுதாத பலகையை நெடுநேரம் அழித்துக்கொண்டிருந்தீர்கள்.

மறுநாள் சொன்னீர்கள். மூவரும் தலையாட்டினார்கள். ஒருவர்கூட ஏனென்று கேட்கவில்லை. அதுதான் எங்களை வதைக்கிறது.

இன்று விருந்துக்கு விரிப்பு மூடிக் கிடப்பவை அதே கூடத்து மேசைகள். திங்கள் முதல் இங்கே உடைந்த நாற்காலிகள் அடுக்கப்படும்.

அம்மையே! முதுகுவலி தீர்ந்து, விடிந்த பிறகும் உறங்கும் உரிமை பெற்று, நோயின்றி நெடுங்காலம் வாழ்வீர்களாக! உங்களுக்காக இவ்வளவும் வேண்டுகிறோம். இந்தக் கூடத்துக்காக எதை வேண்டுவதென்று எங்களுக்குத் தெரியவில்லை.

என்றும் உங்கள்,
இப்பள்ளியின் தமிழாசிரியர்கள்

பி.கு.: மாணவர் சார்பில் ஒரு வரி வேண்டும் என்று புனிதனிடம் கேட்டோம். வாழ்த்துச் சொல்வான் என்றிருந்தோம். புதிய போத்தல் ஒன்றைக் கையில் பிடித்தபடி அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறோம்:

"டீச்சர், இந்தத் தடவ அமோனியா ஊத்திக் கொண்டாந்திருக்கேன். எங்க வைக்கட்டும்?"