ஹோபர்ட் செட்டின் சிவப்பு விளக்கு

பழைய வயர்லெஸ் செட்டு வாங்குவதில் ஒரு தப்பும் இல்லை, டெபுடி. நானே பலருக்குச் சொல்லி வாங்க வைத்திருக்கிறேன். பள்ளி பஸ்ஸில் உழைத்துத் தேய்ந்தது என்றாலும் கீழே போட்டால் உடையாது. ஒரே தொல்லை, அலைவரிசையை மாற்ற அதில் குமிழ் கிடையாது. எங்களைப் போல லைசென்ஸ் வாங்கி வானலையில் பேசும் ஹாம் ஆட்களுக்கு ஏற்றபடி மாற்றிப் பதிய ஒரு கேபிள் வேண்டும், அரதப்பழசான லேப்டாப் வேண்டும், பொறுமை வேண்டும். மேற்கு வர்ஜீனியாவின் இந்த மாவட்டத்தில் இவை எல்லாம் என்னிடம்தான் இருந்தன. எங்கள் ஹாம் சங்கத்தில் யார் செட்டு வாங்கினாலும் என் சமையலறை மேஜைக்குத்தான் வரும்.

உங்கள் முன்னால் இருப்பது ஹோபர்ட் ஸ்டால்நேக்கருடையது. அதில் நான் என்ன செய்தேன் என்று உங்கள் போலீஸ் ஆள் கண்டுபிடித்திருப்பார். ஏன் செய்தேன் என்பது அவருக்குத் தெரியாது.

ஹோபர்ட் தங்கமான மனிதர். மனைவி வில்மா இறந்த பிறகுதான் பரீட்சை எழுதி லைசென்ஸ் எடுத்தார். தினமும் காலையில் லொரெட்டா வானலையில் நடத்தும் கூட்டத்துக்கு வருவார். வந்தால் வாயை மூட மாட்டார். கோழி, முழங்கால் வலி, இறைச்சி வைத்த பெப்பரோனி ரோலில் சீஸ் வைக்கலாமா கூடாதா. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பேச்சை முடிக்கும்போது, லைசென்ஸோடு நமக்குக் கொடுத்த எழுத்துகளான அழைப்புக்குறியைச் சொல்ல வேண்டும் என்பது சட்டம். அவர் அதைச் சொல்லாமல் "டென்-ஃபோர், கண்ணுங்களா" என்று லாரி டிரைவர் மாதிரி முடிப்பார். ஹாம் அலைவரிசையில் டென்-ஃபோர்.

எடுத்துச் சொன்னேன். "ஹோபர்ட், குறியைச் சொல்லுங்க."

"ஏம்ப்பா லோவெல், என் குரல் தெரியாதவன் இந்த மாவட்டத்துல எவன் இருக்கான்? என் கோழிக்கே தெரியும்."

எல்லோரும் சிரித்தார்கள். லொரெட்டாகூடச் சிரித்தார்.

இலையுதிர் காலச் சந்தையில் அவர் தன் பழைய செட்டைக் கொடுத்துவிட்டு, வண்டியில் மாட்டிக்கொள்ள இந்த பஸ் செட்டை வாங்கி என்னிடம் தூக்கிக்கொண்டு வந்தார். மலை உச்சியில் எங்கள் சங்கத்து ரிப்பீட்டர் இருக்கிறது. நம் குரலை வாங்கி மாவட்டம் முழுவதும் பரப்பும். குரலோடு ஒரு குறிப்பிட்ட மெல்லிய டோனும் சேர்ந்து போனால்தான் வாங்கிக்கொள்ளும், இல்லையென்றால் கண்டுகொள்ளாது. நான் அவர் செட்டில் வேறு டோனைப் பதிந்தேன். அவ்வளவுதான். மற்றவர்கள் பேசுவது அவருக்குக் கேட்கும். அவர் பட்டனை அழுத்தினால் சிவப்பு விளக்கு எரியும். குரல் மட்டும் போய்ச் சேராது.

தண்டனை என்று நினைக்காதீர்கள். பயிற்சி. என் வீடு அவர் வீட்டுக்கு அடுத்த மேட்டில் இருப்பதால், ரிப்பீட்டர் இல்லாமலே அவர் குரலை நேரடியாகப் பிடிக்கும்படி என் செட்டை அமைத்துக்கொண்டேன். குறியை ஒழுங்காகச் சொல்லும் நாளில் டோனைத் திருத்திக் கொடுப்பதாக எண்ணம். ஆகவே அவர் பேசியதெல்லாம் எனக்குக் கேட்டது. எனக்கு மட்டும்.

"லொரெட்டாம்மா, காலை வணக்கம்." சற்று நேரம் கழித்து, "என்னம்மா, கோபமா?" அப்புறம் ஒருநாள், "நான் ஏதாவது தப்பாப் பேசிட்டேனா? சொல்லிடுங்கப்பா, திருத்திக்கிறேன்." எல்லாவற்றையும் கேட்டேன். ஒன்றிலும் குறி இல்லை.

செட்டைப் பார்க்கச் சொல்லி ஒருமுறை வீட்டுக்கே வந்தார். கேபிளை மாட்டிப் பார்த்துவிட்டு, செட்டில் ஒரு கோளாறும் இல்லை என்றேன். பொய் இல்லை, நான் பதிந்தது பதிந்தபடியே இருந்தது.

"அப்ப ஆளுங்கதான்," என்றார். தொப்பியை எடுத்துக்கொண்டு போனார். அதன்பிறகு சங்கத்தார் கூடும் சனிக்கிழமை காலைச் சாப்பாட்டுக்கும் அவர் ஹோட்டல் பக்கம் வரவில்லை.

லொரெட்டா அங்கே என்னைப் பிடித்துக்கொண்டார். "ஹோபர்ட் ஏன் பேசறதே இல்ல? போய்ப் பாத்துட்டு வரட்டுமா?"

"மனுஷன் கொஞ்ச நாள் தனியா இருக்கணும்னார். விடுங்க," என்றேன். கூட்டம் அப்போதெல்லாம் எத்தனை நேர்த்தியாக நடந்தது தெரியுமா? ஒருவர் பேசுவார், குறி சொல்வார், அடுத்தவர் பேசுவார். அவரவர் வேலைக்கு நேரத்தோடு போனோம்.

பனி பெய்த அந்த மத்தியானம் நான் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தேன். ஹோபர்ட்டின் குரல் வந்தது. அவருடைய பிக்கப் வண்டி எங்கள் மேட்டுக்குக் கீழே பாலத்தடி ஓடைக்குள் சரிந்துவிட்டதாம். கால் மாட்டிக்கொண்டதாம், தண்ணீர் உள்ளே வருகிறதாம். அந்தப் பள்ளத்தில் செல்போன் எடுக்காது என்பது உங்களுக்கும் தெரியும். எந்தப் பாலம், ரோட்டுக்கு எந்தப் பக்கம் என்று மிகத் தெளிவாகச் சொன்னார். அதைப் பாராட்டத்தான் வேண்டும்.

முதலில் லொரெட்டாவைக் கூப்பிட்டார். பிறகு சங்கத்து ஆட்களை ஒவ்வொரு பெயராக. "கோபம் இருந்தா அப்புறம் பேசிக்கலாம்ப்பா, இப்ப வாங்க" என்றார். பிறகு, "யாராவது."

நீங்கள் கேட்கப் போவது தெரியும். ஆபத்தில் இருப்பவருக்கு விதி தளரும், நானும் படித்திருக்கிறேன். ஆனால் அத்தனை மாதப் பயிற்சியை ஒரே மத்தியானத்தில் பாழாக்குவதா என்று தோன்றியது. குறியைச் சொல்லட்டும், உடனே பதில் சொல்வோம் என்று காத்திருந்தேன். பாத்திரத்தில் தண்ணீர் கொதித்தது. அவர் குரல் சரியாகக் கேட்கவில்லை என்று அடுப்பைக் குறைத்தேன்.

கடைசியில் சொன்னார், டெபுடி. பல் கிடுகிடுக்க, ஒவ்வோர் எழுத்தாக, ஒன்றுகூட விடாமல். "இப்ப சரியா, லோவெல்?" என்று என் பெயரையும் சேர்த்துச் சொன்னார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. பாராட்டலாம் என்று கையைத் துடைத்துக்கொண்டு மைக்கை எடுத்துப் பேசினேன். நல்ல மாணவர்தான், என்ன செய்வது, அன்றைக்கும் பதில் சொல்லும் ஒழுங்கு அவரிடம் இல்லை.